ஒன்பதாம் எண் சட்டை

சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் கூடைப்பந்து அணி ஆடுவதை இன்றும் விடாமல் பார்க்கிறேன். இங்கே காலைக் காப்பி நேரத்தில் அங்கே இரவு ஆட்டம் தொடங்கும். பந்து கைமாறியதும் என் கண் ஒன்பதாம் எண்ணைத் தேடுகிறது. அந்த எண்ணை அணிந்த டோனி பார்க்கர் 2018 ஜூலையில் ஷார்லட் ஹார்னெட்ஸுக்குப் போய்விட்டார். பதினேழு சீசன், நான்கு சாம்பியன் பட்டம், எல்லாம் ஒரே அணியில் ஆடி முடித்த பிறகு.

பயிற்சியாளர் கிரெக் போபோவிச்சின் திட்டிலேயே வளர்ந்தவர் அவர். பெல்ஜியத்தில் பிறந்து பிரான்சில் வளர்ந்த பையன். முதல் சோதனை ஆட்டத்தில் போபோவிச்சுக்கு அவரைப் பிடிக்கவே இல்லை. இன்னொரு வாய்ப்புக் கொடுத்துப் பார்த்த பிறகுதான் மனம் இளகியது. 2001 டிராஃப்டில் 28-ஆவது ஆளாக எடுத்தார்கள். பத்தொன்பது வயதில், டிம் டங்கன் இருக்கும் அணிக்குப் பாயிண்ட் கார்டு ஆகிவிட்டார். அந்த இடத்தில் பல ஆண்டுகள் நின்ற ஏவரி ஜான்சன், 1999-ல் நியூயார்க்கில் ஸ்பர்ஸின் முதல் பட்டத்தை உறுதி செய்த கூடையைப் போட்டவர், அதே கோடையில்தான் டென்வருக்குப் போயிருந்தார். அணியை நடத்திய மூத்தவர் போன இடத்தில் சிறுவனை நிறுத்தும் துணிச்சல் போபோவிச்சுக்கு அன்றே இருந்தது. பார்க்கர் உள்ளே வந்த வழியும் அதுதான்.

எத்தனை திட்டு! ஆட்டத்தின் நடுவே, அரங்கமே பார்க்க, முகத்துக்கு நேரே கத்துவார் போபோவிச். 2003-ல் பட்டம் வென்ற சூடு ஆறும் முன்பே, பார்க்கரின் இடத்துக்கு ஜேசன் கிட்டைக் கொண்டுவர அணி முயன்றது. கிட் வரவில்லை. பார்க்கர் இருந்தார், ஆடினார். 2007 இறுதியில் லெப்ரான் ஜேம்ஸின் கிளீவ்லாந்தை 4-0 என்று வீழ்த்தியபோது இறுதிச்சுற்றின் சிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்கு. ஐரோப்பாவில் பிறந்த ஒருவருக்கு அது கிடைத்தது அதுவே முதல் முறை.

உயரம் ஆறடிக்குச் சற்றே மேல். ஏழடி ஆட்கள் கை விரித்து நிற்கும் இடத்துக்குள் புகுந்து, அவர்கள் எம்பும் முன்பே ஒரு கையால் பந்தை உயரே மிதக்க விடுவார். அது யாருடைய விரலிலும் படாமல் வலைக்குள் விழும். 2013 இறுதியின் முதல் ஆட்டத்தில், மயாமிக்கு எதிரே, கால் வழுக்கி முழங்கால் ஊன்றியும் பந்தை விடாமல் எழுந்து, லெப்ரானின் கைக்கு அடியில் புகுந்து எறிந்தாரே, அந்தக் கூடையை இப்போதும் போட்டுப் பார்ப்பேன். மீதமிருந்தது 5.2 விநாடி. வென்றது ஸ்பர்ஸ்.

2017 மே மாதம் ஹூஸ்டனுக்கு எதிரான ஆட்டத்தில் இடது தொடைத் தசைநார் அறுந்தது. ஆறு மாதத்துக்கு மேல் ஆகித் திரும்பினார், வயது முப்பத்தைந்து. அடுத்த ஜனவரியில் போபோவிச் அவரை அழைத்து, இனி தொடக்க ஐவரில் டிஜான்டே மரே இருப்பான் என்றார். மரேக்கு வயது 21. பார்க்கர் மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த முடிவில் எனக்குக் குறை இல்லை. கால் முன்போல் ஓடவில்லை என்பது பார்த்த எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

ஜூலையில் நடந்ததைத்தான் மனம் ஏற்கவில்லை. இளையவர்களுக்கு வழிகாட்டும் மூத்தவர் என்ற இடம் ஸ்பர்ஸில் இருந்தது; அவருக்கோ இன்னும் ஆட ஆசை. போனது பார்க்கர்தானே என்பார்கள். உண்மைதான். ஆனால் பதினேழு வருடம் ஆடியவர் கேட்டது பெரிய இடமொன்றும் இல்லை. இரண்டாம் வரிசையில் ஒரு இருக்கை, ஒழுங்காக ஆடச் சில நிமிடங்கள். அதைக் கொடுத்த ஷார்லட் பயிற்சியாளர் ஜேம்ஸ் போரேகோ, போபோவிச்சிடம் உதவியாளராக இருந்தவர்!

அந்த ஒரே கோடையில் வீடே காலியானது. டங்கன் இரண்டு வருடம் முன்பே ஓய்வு பெற்றிருந்தார். கவாய் லெனர்டை டொரன்டோவுக்கு மாற்றினார்கள். ஆகஸ்டில் மனு ஜினோபிலி விடைபெற்றார். டங்கன், பார்க்கர், ஜினோபிலி மூவரும் சேர்ந்து ஆடி வழக்கமான சீசன் ஆட்டங்களில் மட்டும் 575 வெற்றி கண்டவர்கள். அக்டோபரில், சீசன் தொடங்கும் முன்பே, மரேயின் முழங்கால் தசைநார் கிழிந்து அவர் ஆண்டு முழுவதும் ஆடவில்லை. ஸ்பர்ஸ் பாயிண்ட் கார்டு இல்லாமல் தவித்தபோது, அந்த ஆட்டமுறையை உறக்கத்திலும் அறிந்தவர் வேறொரு ஊர்ச் சட்டையில் இருந்தார்.

2019 ஜனவரியில் அந்தச் சட்டையோடு சான் அன்டோனியோவுக்கு வந்தார். அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. அன்று வென்றது ஹார்னெட்ஸ். அந்த வருடமே ஓய்வு பெற்றார். நவம்பரில் ஒன்பதாம் எண்ணை இனி யாருக்கும் இல்லை என்று ஸ்பர்ஸ் அரங்கில் ஏற்றினார்கள். 2023-ல் போபோவிச்சும் அவரும் ஒரே மேடையில் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்ந்தார்கள். இருவருக்கும் இடையே மனக்கசப்பு எதுவும் மிஞ்சவில்லை. எனக்கு மட்டும் மிஞ்சியிருக்கிறது. ஜனவரியில் போபோவிச் செய்தது சரி. ஜூலையில் பார்க்கரைப் போகவிடாமல் நிறுத்தியிருக்க வேண்டும்.