கல்லறைத் தோட்டத்தின் வரைபடம்

அரிமளம்

ஜூன் 3, செவ்வாய்

இளைஞர்கள் சபையை விட்டு விலகுவதைப் பற்றி எழுதுவதாக இருந்த முன்மொழிவை ஓரமாக வைத்தாயிற்று. கல்லறைத் தோட்டத்தில் யாருக்கு எந்தப் பக்கம் என்ற கேள்வி சேகரத்தில் கிளம்பிய பிறகு வேறு எதையும் ஆய்வுப் பொருள் என்று எடுத்துக்கொண்டு உட்கார முடியவில்லை. எந்தச் சபை, கேட்டது யார் என்பதெல்லாம் இந்த நோட்டில் வேண்டாம். கேள்வி மட்டும் போதும்.

டி.மின். (ஊழிய முனைவர்) பட்டத்துக்கான ஆய்வு, நூலகத்தில் உட்கார்ந்து முடித்துவிடும் ஆய்வு அல்ல. தான் ஊழியம் செய்கிற இடத்துச் சிக்கல் ஒன்றை எடுத்து, அதில் கைவைத்து, கைவைத்ததால் என்ன ஆயிற்று என்று எழுத வேண்டும். இதற்கென்று ஓர் அச்சும் இருக்கிறது. முதலில் ஒரு வினாத்தாள், பிறகு சில வாரம் வேதபாடம், கடைசியில் மறுபடி அதே வினாத்தாள். மதிப்பெண் கூடியிருந்தால் ஊழியம் பலித்தது. சாதிச் சிக்கலுக்கு இந்த அச்சு உதவாது என்பதுதான் என் வாதம். "கிறிஸ்துவுக்குள் எல்லாரும் சமம்" என்று ஒரு வாக்கியம், எதிரே "முழுவதும் ஏற்கிறேன்" தொடங்கி "முழுவதும் மறுக்கிறேன்" வரை ஐந்து கட்டங்கள். ஆராதனை முடிந்து ஆயர் கையால் நீட்டுகிற தாளில் கடைசிக் கட்டத்தில் டிக் அடிக்க யாருக்குத் துணிவு வரும்? கலாத்தியர் 3:28ஐப் பார்க்காமல் சொல்லக்கூடிய சபைகளில்தான் கல்லறைத் தோட்டத்துக்கு இரண்டு வாசல் இருக்கிறது. வசனம் தெரியாததால் வந்த வினை இல்லை இது. அப்படியிருக்க வசனத்தையே மருந்தாகக் கொடுத்து, குணமாயிற்றா என்று நோயாளியிடமே கேட்டு எழுதிக்கொள்வதை ஆய்வு என்று எப்படிச் சொல்வது?

சபைக்குள் சாதி இருக்கும் இடங்களைக் கையால் தொட்டுக் காட்டலாம். எந்த வரிசையில் யார் உட்காருவது, யார் வீட்டுச் சாவுக்குச் சபையின் சவவண்டி வரும், பவனி எந்தத் தெருமுனையில் திரும்பிவிடும், கல்லறைத் தோட்டத்துச் சாவி எந்த வீட்டு ஆணியில் தொங்கும். இவை எல்லாமே ஏற்பாடுகள். யாரோ முடிவெடுத்து, யாரோ காத்துவருபவை. கைவைப்பதானால் அங்கே வைக்க வேண்டும். பலன் கிடைத்ததா என்பதையும் அங்கேயே அளக்க வேண்டும்.

ஜூன் 4

வினாத்தாளை எடுத்துவிட்டால் எதை வைத்து அளப்பாய் என்று கேட்பார்கள். கமிட்டியின் தீர்மானப் புத்தகத்தை வைத்து.

ஜூன் 8, பெந்தெகொஸ்தே

இன்றைக்கு எல்லா ஊரிலும் அப்போஸ்தலர் 2தான் பிரசங்கம். பல பாஷைக்காரர் ஒரே சபையான அதிகாரம், பேசச் சுலபமானது. நாலு அதிகாரம் தள்ளி அதே சபையில் சண்டை வருகிறது. அன்றாடப் பந்தியில் தங்கள் விதவைகளை ஒதுக்குகிறார்கள் என்று கிரேக்க பாஷைக்காரர் முறையிடுகிறார்கள். அப்போஸ்தலர்கள் அன்பைப் பற்றிக் கருத்தரங்கு நடத்தவில்லை. ஏழு பேரைத் தேர்ந்தெடுத்துப் பந்தியை அவர்களிடம் கொடுத்துவிட்டார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோர், நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா: ஏழும் கிரேக்கப் பெயர்கள்.

ஜூன் 12

வடக்கன்குளம் திருக்குடும்ப ஆலயம் 1872இல் கட்டப்பட்டது. கட்டடமே இரண்டு காலாகப் பிரிந்து நிற்கும். இரண்டும் சேரும் இடத்தில் பீடம். வெள்ளாளர், முதலியார் ஒரு பக்கம், நாடார் முதலானோர் மறுபக்கம். குருவானவர் இரண்டு பக்கத்துக்கும் தெரிவார். இந்தப் பக்கத்தாரும் அந்தப் பக்கத்தாரும் ஒருவர் கண்ணில் ஒருவர் படமாட்டார்கள். சாதியைக் கொத்தனார் கையால் எழுதிவைத்த ஆவணம் என்று இதைச் சொல்வேன். 1910இல் கௌசானல் அடிகளார் நடுவே இருந்த தடுப்பை இடித்தார். தங்கள் பாரம்பரிய உரிமை போய்விட்டதென்று வெள்ளாளர் தரப்பு வழக்குப் போட்டது. சாதியைக் காட்டி ஆலயத்தில் தனி இடம் கேட்க உரிமை இல்லை என்று சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மனம் மாறட்டும் என்று காத்திருந்து யாரும் கடப்பாரை எடுக்கவில்லை. மனம் மாறாதவர்கள் நீதிமன்றம் வரைக்கும் போனார்கள். தடுப்பு திரும்ப எழும்பவில்லை.

அது கத்தோலிக்கர் கதை, நமக்கென்ன என்பது நம் பக்கத்தில் வழக்கமாக வரும் பதில். 1718இல் தரங்கம்பாடியில் எழும்பிய புது எருசலேம் ஆலயத்திலும் சூத்திரர் ஒரு பக்கம், பறையர் ஒரு பக்கமாகத்தான் உட்கார்ந்தார்கள். அதுதான் இந்த நாட்டுச் சீர்திருத்தச் சபையின் தாய்வீடு. "பழைய கதை" என்ற பதிலுக்குத் திருச்சிக்குப் போனால் போதும். மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்துக்குள் சாதிக்குச் சாதி பிரித்து எழுப்பிய சுவரைப் பற்றி இந்த நூற்றாண்டிலும் போராட்டம் நடந்தது.

ஜூன் 13

நேற்று எழுதியதற்கு எதிரான வலுவான சாட்சியும் இருக்கிறது. அதை மறைத்துவிட்டு முன்மொழிவு எழுதக் கூடாது.

1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் சபைகளுக்குள் சாதி வேறுபாட்டை உடனே அடியோடு கைவிட வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். உட்காரும் இடம், நற்கருணைக்கு வரும் வரிசை எல்லாம் அதில் அடங்கும். அதாவது, நான் கேட்பதைப் போலவே ஏற்பாட்டில் கைவைத்த ஆணை. தஞ்சாவூரில் அது எடுபடவில்லை. சபையின் பெரும் புலவரான வேதநாயகம் சாஸ்திரியாரே எதிர்த்து நின்றார். 1840இல் லுத்தரன் மிஷனரிகள் மீண்டும் இந்தப் பக்கம் வந்தபோது, சாதி விஷயத்தில் அவ்வளவு கெடுபிடி காட்டாத அவர்களிடம் அதிருப்தியாளர் பலர் போய்ச் சேர்ந்தார்கள். 1850இல் சென்னை மிஷனரி மாநாடு சாதியைக் கண்டித்துக் கூட்டாக அறிக்கை விட்டபோதும் அந்த லுத்தரன்களின் லைப்சிக் மிஷன் அதில் சேரவில்லை. மனத்தைத் தொடாமல் இடத்தை மாற்றினால் ஆட்கள்தான் போவார்கள், சாதி போகாது என்று வாதிடுகிறவர்களுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

ஆனால் 1833க்கும் 1910க்கும் இடையில் உள்ள வேறுபாட்டைப் பார்க்க வேண்டும். கல்கத்தாவிலிருந்து வந்தது காகிதம். அதை நடத்திவைக்க வேண்டியவர்கள் மிஷனரிகள். அவர்களுக்குள்ளேயே ஒருமித்த கருத்து இல்லை. பின்னாளில் பக்கத்திலேயே வேறொரு வாசலும் திறந்துகொண்டது. வடக்கன்குளத்தில் உள்ளூர்க் குரு இருந்தார், கட்டடம் இருந்தது, பின்னால் தீர்ப்பும் வந்தது. ஆணை தோற்றதால் ஏற்பாட்டை மாற்றுவதே வீண் என்று ஆகிவிடாது. உள்ளூரில் ஏற்றுச் செய்ய ஆள் இல்லாத ஆணை தோற்கும், அவ்வளவுதான். காகிதத்துக்கு இன்றும் பஞ்சமில்லை. 2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக்கான கொள்கை அறிக்கையை வெளியிட்டு, திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்டது பெரிய காரியம். அதற்கப்புறம் எந்தப் பங்கின் தீர்மானப் புத்தகத்தில் என்ன எழுதினார்கள் என்பது என் கேள்வி.

ஜூன் 17

அரிமளம் சுற்றுவட்டாரத்தில் தைலமரக் காடுகளை எதிர்த்துப் போராடியவர்கள் நிலத்தடி நீரைப் பற்றி விழிப்புணர்வு வகுப்பு கேட்கவில்லை. மரத்தை அகற்று என்றார்கள்.

ஜூன் 18

எழுத மனமில்லை.

ஜூன் 24

எறையூர் இடிக்கிறது. அன்று விழுப்புரம் மாவட்டம், இன்று கள்ளக்குறிச்சி. செபமாலை அன்னை ஆலயத்தில் வன்னியக் கத்தோலிக்கர் கை ஓங்கியிருந்தது. தலித் கத்தோலிக்கர்களுக்குக் கல்லறை தனி, சவம் போகும் பாதை தனி. அவர்கள் கடைசியில் தங்களுக்குத் தனிப் பங்கு வேண்டும் என்று கேட்டார்கள். அந்தத் தகராறு முற்றி 2008 மார்ச் 9 அன்று காவல்துறை துப்பாக்கிச் சூட்டில் வன்னியக் கிறிஸ்தவர்கள் இருவர் உயிரிழந்தார்கள்.

ஏற்பாட்டை வைத்து அளப்பது என்ற என் அளவுகோலை எறையூருக்குக் கொண்டுபோனால், தனிப் பங்கு என்பது இரண்டு வாசல், ஆகவே தோல்வி. வடக்கன்குளத்து வெள்ளாளர் கேட்டதும் எறையூர் தலித்துகள் கேட்டதும் ஒரே கணக்கில் வந்துவிடும். இரண்டும் ஒன்றல்ல என்று யாரும் எளிதில் சொல்லிவிடலாம். ஏன் ஒன்றல்ல என்பதைத்தான் முன்மொழிவில் எழுதியாக வேண்டும். ஒரு தரப்பு அடுத்தவரை உள்ளே விடாதிருக்கத் தடுப்புக் கேட்டது. மற்றத் தரப்பு, விடாத வீட்டு வாசலில் நின்று அலுத்துத் தனி வீடு கேட்டது. வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு இரண்டும் பிரிவினையாகத் தெரியும். ஒற்றுமை, ஒற்றுமை என்று ஆயர்கள் பிரசங்கிக்கும்போது பெரும்பாலும் இரண்டாவது தரப்பைப் பார்த்துத்தான் பேசுகிறார்கள் என்பது என் அபிப்பிராயம். அப்படியானால் வரைபடத்தில் எத்தனை வாசல் என்று எண்ணினால் மட்டும் போதாது. அந்த வாசலை யார் கேட்டார்கள், யார் தீர்மானித்தார்கள் என்பதும் பதிவாக வேண்டும். இதை எந்தக் கட்டத்தில் அடைப்பது என்று இன்னும் தெரியவில்லை.

ஜூலை 2

கடுமையான ஆட்சேபம் வேறொரு திசையிலிருந்து வருகிறது. 1950ஆம் ஆண்டு ஆணைப்படி பட்டியல் சாதியினர் என்ற தகுதி கிறிஸ்தவர்களுக்கு இல்லை. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் கதவு திறந்தது, நமக்குத் திறக்கவில்லை. 2022 அக்டோபரில் பாலகிருஷ்ணன் ஆணையத்தை அமைத்ததும் இதை ஆராயத்தான். 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டப்பேரவை தகுதி வழங்கக் கோரித் தீர்மானம் போட்டது. இப்போதைக்கு, மதம் மாறிய ஆதிதிராவிடர் இங்கே பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில். இதனால் ஞானஸ்நானப் பதிவேட்டில் ஒரு பெயரும் பள்ளிச் சான்றிதழில் வேறொரு பெயருமாக வாழும் குடும்பங்கள் எத்தனையோ. ஆய்வு என்று சொல்லி, இன்ன சபையில் இன்ன தெருவில் இன்ன சாதியார் இத்தனை பேர் என்று அச்சிட்டு நூலகத்தில் வைத்தால், அது ஒரு பிள்ளையின் சான்றிதழுக்கே உலைவைக்கலாம். சாதியைப் பற்றிப் பேசாதே என்று ஆதிக்கத் தரப்பு சொன்னால் தள்ளிவிடலாம். இந்தப் பயத்தைத் தள்ளிவிட முடியாது.

ஆட்களைப் பட்டியலிடும் ஆய்வுக்கு இது சரியான மறுப்பு. ஏற்பாட்டைப் பதிவுசெய்யும் ஆய்வை இது தொடாது. கல்லறைத் தோட்டத்தை அளந்து வரையலாம்: எத்தனை வாசல், எந்தப் பக்கம் சுவர், தண்ணீர்க் குழாய் எங்கே நிற்கிறது, கல் பதித்த கல்லறை எங்கே முடிந்து மண்மேடு எங்கே தொடங்குகிறது. அதில் யார் பெயரும் வர வேண்டியதில்லை. நம் மாவட்டத்து வேங்கைவயலில் 2022 டிசம்பரில் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்த விவகாரம் வெடித்தபோது, விசாரிக்கப் போன அதிகாரிகள் கண்ணில் டீக்கடையின் இரட்டைக் குவளையும் பட்டது. குவளையைப் பார்க்க மக்கள்தொகைக் கணக்கு தேவைப்படவில்லை.

ஜூலை 3

வரைபடம் கமிட்டி மேசையில் விரிக்கப்படும்போது அதைச் சுற்றி யார் உட்கார்ந்திருப்பார்கள்?

ஜூலை 11, வெள்ளி

ஆயர் சில வருடத்தில் மாற்றலாகிவிடுவார், அவர் தொடங்கியதை அடுத்தவர் மூடிவிடுவார் என்பது மிச்சமிருக்கும் ஆட்சேபம். உண்மைதான். வேதபாடத் தொடர் ஆயரோடு பெட்டி கட்டிக்கொண்டு போய்விடும். தீர்மானப் புத்தகம் சேகர அலுவலகத்தில் இருக்கும். அதில் "தீர்மானிக்கப்பட்டது" என்று எழுதியதை ரத்துசெய்ய இன்னொரு தீர்மானம் போட்டாக வேண்டும், அதற்கு ஒருவர் முன்மொழிந்து இன்னொருவர் பெயரோடு வழிமொழிய வேண்டும். பெயர் போட்டுக்கொண்டு சாதிக்காகக் கை தூக்க இந்தக் காலத்தில் கொஞ்சம் கூச்சம் உண்டு. அந்தக் கூச்சத்தை நான் நம்புகிறேன். சபை உடையும் என்கிறார்கள். உடைந்த கோடு வரைபடத்திலேயே இருக்கிறது.

முன்மொழிவில் இன்று எழுதிவைத்தது: கல்லறைத் தோட்டத்துக்கு ஒரு பராமரிப்புக் குழு. அதில் பெரும்பான்மை, இதுவரை பின்வாசல் வழியாகப் போனவர்கள் வீட்டு ஆட்கள், பெண்கள் உட்பட. சாவி அந்தக் குழுவிடம். அடக்கம் எந்த இடத்தில் என்பது தேதி வரிசைப்படி. பழைய வாசல்களில் எதை அடைப்பது, அடைப்பதா வேண்டாமா என்பதைக் குழுவே முடிவு செய்யும். ஆய்வாளர் பதிவுசெய்வார், கருத்துச் சொல்லமாட்டார். ஓர் ஆண்டு முடிவில் தீர்மானப் புத்தகமும் புதிய வரைபடமும் மதிப்பீட்டுக்கு. எறையூர்க் கேள்விக்கு இதில் பதில் இல்லை. குழு, எங்களுக்குத் தனித் தோட்டமே போதும் என்று சொல்லிவிட்டால் ஆய்வேட்டின் கடைசி அத்தியாயத்தை எப்படி எழுதுவது என்பதும் தெரியாது.

அடுத்த சேகரக் கமிட்டி ஆகஸ்டில். நிகழ்ச்சி நிரலில் அசன விருந்துக் கணக்கு, ஒலிபெருக்கி பழுது, கூரை ஒழுகல் ஆகியவற்றுக்குப் பிறகு, கல்லறைத் தோட்டம்.