சித்தம்பூண்டிக் கல்

விடுமுறைக்குக் கோவையிலிருந்து சித்தம்பூண்டிப் பக்கம் வந்திருந்த பேரன், இரண்டு நாளாக மைன்கிராஃப்டில் சுரங்கம் வெட்டிக்கொண்டிருந்தான். கிரானைட், டயோரைட், ஆண்டிசைட் எல்லாம் தாண்டித் தோண்டினால் அடியில் லாவா. தேங்கிய லாவாவில் தண்ணீர் பட்டால் கன்னங்கரேலென்று அப்சிடியன். "நம்ம தோட்டத்துக்கு அடியிலயும் லாவா இருக்குதுங்களா அப்புச்சி?" என்று கேட்டான்.

அப்புச்சிக்குச் சுருக்கென்றது. பங்குனியில்தான் திருச்செங்கோட்டு ரிக் வண்டியைக் கூப்பிட்டு 900 அடி போர் போட்டிருந்தார். "லாவாவும் இல்ல, தண்ணியும் இல்ல கண்ணு. விடியவிடியப் புகைதான் வந்துது" என்றார். புகை என்றால் கல்மாவு. போர் போட்டுக் கைசுட்டவர்களுக்கு அது தெரியும்.

பையன் கேட்டதில் தப்பில்லை. அந்த வட்டாரத்துப் பாறை ஒருகாலத்தில் நெருப்புக் குழம்புதான். எரிமலையாக வெளியே கொட்டிச் சட்டென்று உறைந்ததல்ல. சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமிக்குள்ளேயே நிதானமாக ஆறி, படிகம் படிகமாக இறுகியது. இறுகிய கல்லில் தண்ணீர் தங்க இடமேது? வெடிப்பு இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் புகை. ரிக்காரரைத் திட்டிப் பயனில்லை.

ஆனால், விவசாயிக்கு ஆகாத அந்தக் கல்தான் இஸ்ரோவுக்குத் தேவைப்பட்டது. சித்தம்பூண்டி, குன்னமலை ஊர்களில் கிடைக்கும் வெளிர்நிற அனார்த்தசைட், நிலாவின் மேட்டுநிலப் பாறைக்கு நெருங்கிய சொந்தம். (வடை சுடும் பாட்டி என்று நாம் காட்டுகிற கறுப்புத் திட்டுகள்தாம் அங்கே நிஜ எரிமலைக் குழம்பு பரவி உறைந்த இடம்.) சந்திரயான்-2 லேண்டரையும் ரோவரையும் இறக்கி, ஓட்டிப் பார்க்க நிலா மண் டன் கணக்கில் வேண்டும். அமெரிக்காவில் வாங்கினால் கட்டுப்படியாகாது. சேலம் பெரியார் பல்கலைக்கழகம் உட்படப் பலரும் கைகொடுக்க, இந்தக் கல்லை உடைத்து அரைத்து மண் செய்தார்கள். அந்தச் செய்முறைக்கு 2020-ல் காப்புரிமையும் கிடைத்தது.

காவிரி மணல் பக்கத்திலேயே இருந்தும் இதற்கு உதவாது. தண்ணீரில் உருண்டு உருண்டு அது மழுங்கிவிட்டது. நிலாவில் ஆறும் இல்லை, காற்றும் இல்லை. துகளெல்லாம் கூர்கூராகவே கிடக்கும். அதற்கு அரைத்த கல்தான் சரி.

2019-ல் சந்திரயான்-2 லேண்டர் விழுந்து நொறுங்கியது. 2023 ஆகஸ்ட் 23-ல் சந்திரயான்-3 பத்திரமாக இறங்கியது. 26 கிலோ எடையுள்ள பிரக்யான், ஆறு சக்கரத்தில் நிலா மண்ணில் உருண்டது.