வலது காதுக்கு ஒரு குமிழ்

மும்பை லாமிங்டன் சாலையில் பொறுக்கிய உதிரிபாகங்களில் அவர் கட்டிய வால்வு ஆம்ப்ளிஃபையரில் பாஸ், ட்ரெபிள், பாலன்ஸ் எதுவும் கிடையாது. இரு பக்கத்துக்கும் பொதுவாக ஒரு இசிசி 83, பக்கத்துக்கு ஒரு இஎல் 84, ஒரே ஒரு வால்யூம் குமிழ். அவ்வளவுதான்.

சிக்கல் இரவில். வீடு தூங்கியபின் சத்தத்தைக் குறைத்தால் பாடகியின் குரல் இடப்பக்கம் சாய்ந்தது. மலிவான இரட்டை வால்யூம் கன்ட்ரோலின் குணம் அது: ஒரே தண்டில் உள்ள இரு கார்பன் தடங்களும் தொடக்கத்தில் சமமாக ஏறுவதில்லை. 24 நிலை சுழல் ஸ்விட்ச் வாங்கி, ஒரு சதவீதத்துக்கு மேல் பிசகாத 46 ரெசிஸ்டர்களை சால்டர் செய்தார். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் போயின. (இந்த ஸ்விட்சுக்கு ரசிகர்கள் கொடுக்கும் விலை தனிக் கதை.)

குரல் அசையவில்லை. ஸ்பீக்கர்களை இடம் மாற்றினார். அப்போதும் இடதுதான். கடைசியில் ஸ்பீக்கர்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார். குரல் மற்ற ஸ்பீக்கருக்குத் தாவி, அவரது இடது காதோடேயே நின்றது.

சத்தம் கூடினால் மறைந்துவிடும் குறை. மருத்துவரின் வரைபடம் வலது காதைக் காட்டியது.

இப்போது பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு குமிழ்கள்; முன்பு தொல்லை என்று ஒதுக்கிய வழி. வலது குமிழ் எப்போதும் சற்று முன்னே. மனைவி கேட்க வந்தால் இரண்டையும் சமமாக்கிவிடுகிறார். அவரிடம் இன்னும் சொல்லவில்லை.