உப்பிய கெப்பாசிட்டரும் ரிச்சி தெரு மாடியும்

ரிச்சி தெருவில் கீழ்த்தளம் விற்பவர்களுக்கு. மாடி, பழுது பார்ப்பவர்களுக்கு. அண்ணா சாலையை ஒட்டிச் சிந்தாதிரிப்பேட்டைப் பக்கம் விரியும் இந்தச் சந்தையில் கேபிள், மெமரி கார்டு, சிசிடிவி கேமரா என்று கூவி அழைக்கும் கடைகளுக்கு நடுவே, ஆள் ஒருக்களித்து ஏறும் படிக்கட்டுகள் இருக்கின்றன. அப்படியொரு படியேறி, மானிட்டர் மட்டுமே பார்க்கும் சிறிய அறை ஒன்றுக்குப் போயிருந்தேன். சுவரோரம் அடுக்கிய மானிட்டர்களில் வாடிக்கையாளர் பெயரும் குறையும் எழுதிய காகித டேப் ஒட்டியிருந்தது: 'டிஸ்ப்ளே இல்லை', 'லைட் மினுக்குது', 'டெட்'.

மேசைக்காரர் ஐம்பதைத் தாண்டியவர். சென்னையிலேயே தயாரான சாலிடேர், டயனோரா டிவிகளில் கை பழகியவர். படக்குழாய் போய் எல்.சி.டி. வந்தபோது மேசையை மாற்றாமல் தொழிலை மாற்றிக்கொண்டார்.

நான் உட்கார்ந்திருந்தபோது திருவல்லிக்கேணியில் டிடிபி கடை வைத்திருக்கும் இளைஞர் ஒருவர் 19 அங்குல மானிட்டரைத் தூக்கி வந்தார்.

"ஆன் பண்ணா ரெண்டு செகண்டு படம் வருதுண்ணா. அப்புறம் இருட்டு."

"முன்னாடி காலைல லேட்டா ஆன் ஆச்சா?"

"ஆமாண்ணா, அஞ்சு நிமிஷம் ஆகும். அதனால ராத்திரிகூட ஆஃப் பண்ணாம விட்டுட்டேன்."

"அதான் சீக்கிரம் போயிருக்கு தம்பி."

அவர் உடனே கழற்றவில்லை. மானிட்டரை ஆன் செய்து, இருண்ட திரைமீது டார்ச்சைச் சாய்த்து அடித்தார். மங்கலாக எழுத்துகள் தெரிந்தன. படம் வருகிறது, பின்னால் விளக்குதான் எரியவில்லை என்று பொருள். பேனல் போயிருந்தால் திருப்பிக் கொடுத்திருப்பார். இது பவர் போர்டு வேலை.

ஸ்டாண்டைக் கழற்றி, பழைய ஏடிஎம் கார்டை விளிம்பில் நுழைத்துக் கிளிப்புகளை ஒவ்வொன்றாக விடுவித்தார். தகர மூடியைத் தூக்கியதும் செய்த முதல் காரியம், ஹோல்டரில் மாட்டிய பல்பின் இரு ஒயர்களை, மின்சாரத்தைத் தேக்கும் குப்பி போன்ற பெரிய கெப்பாசிட்டரின் கால்களில் வைத்ததுதான். வீட்டு மின்சாரம் 230 வோல்ட் என்றாலும் அந்தக் குப்பிக்குள் 325 வோல்ட் வரை தேங்கி நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது கையைச் சுடும். பல்ப் ஒருமுறை மின்னி அணைந்தது. அதன் பிறகே போர்டில் விரல் வைத்தார்.

குற்றவாளிகளைத் தேட வேண்டியிருக்கவில்லை. அலுமினிய வெப்பத் தகட்டை ஒட்டி நின்ற மூன்று கெப்பாசிட்டர்களின் தலை உப்பியிருந்தது. ஒன்றின் உச்சியில் பழுப்பாகக் கசிவு.

இந்தச் சிறு குப்பிக்குள் இரண்டு அலுமினியத் தாள்கள், நடுவே திரவத்தில் நனைந்த காகிதம், எல்லாம் சுருட்டி வைக்கப்பட்டிருக்கும். சூட்டில் திரவம் மெல்ல உலர்கிறது. சேர்மானம் சரியில்லாத திரவமானால் அதிலுள்ள நீர் அலுமினியத்தோடு வினைபுரிந்து ஹைட்ரஜன் வாயுவைக் கிளப்பும். குப்பி வெடிக்காமல் வாயு வெளியேறத்தான் தலையில் கீறல் போட்டிருக்கிறார்கள். 2000-களின் தொடக்கத்தில் தைவானில் தயாரான ஏராளமான கெப்பாசிட்டர்கள் இப்படி உப்பி, உலகம் முழுக்க மதர்போர்டுகளையும் மானிட்டர்களையும் படுக்க வைத்தன. உப்பிய கெப்பாசிட்டர்கள் கொண்ட ஆப்டிபிளெக்ஸ் கணினிகளைச் சரிசெய்ய டெல் நிறுவனம் 2005-இல் 30 கோடி டாலர் ஒதுக்க நேர்ந்தது.

எல்லாக் கெப்பாசிட்டரும் உப்பிக் காட்டிக்கொடுப்பதில்லை. "கண்ணால பாத்தா போதாது சார்," என்றவர், உள்தடை அளக்கும் இ.எஸ்.ஆர். மீட்டரின் முனைகளைப் பக்கத்தில் நின்ற ஒரு சிறிய 47 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரில் வைத்தார். பார்க்கப் புதிதுபோல் இருந்தது, உள்தடை எகிறியிருந்தது. திரவம் உலர உலர இந்தத் தடை ஏறும், சூடானால் சற்று இறங்கும். காலையில் மானிட்டர் அடம்பிடித்ததும், சூடேறிய பின் நாள் முழுக்க ஓடியதும் இதனால்தான்.

அடுத்து அவர் செய்த கணக்குதான் எனக்கு இந்தத் தொழிலைப் புரியவைத்தது. 105 டிகிரியில் 2,000 மணி நேரம் உழைக்கும் என்று தயாரிப்பாளர் சொல்லும் கெப்பாசிட்டர், வெப்பம் பத்து டிகிரி குறையும்தோறும் ஏறக்குறைய இரு மடங்கு நாள் தாங்கும். 85 டிகிரியில் 8,000 மணி; தினம் பத்து மணி நேரம் ஓடினால் இரண்டு ஆண்டும் சொச்சமும். 65 டிகிரியில் 32,000 மணி. எட்டரை ஆண்டுக்கு மேல். ஆக, வெப்பத் தகட்டிலிருந்து ஒரு விரற்கடை தள்ளி வைத்திருந்தாலோ, இன்னும் சற்று உயர்ந்த ரகம் போட்டிருந்தாலோ இந்த மானிட்டர் மாடியேறி வந்திருக்காது. தொழிற்சாலை மிச்சம் பிடித்தது ஒரு போர்டுக்குச் சில ரூபாய்.

அந்தக் கஞ்சத்தனத்தைத் திருத்துவதுதான் இவர் வேலை. கழற்றியது 1000 மைக்ரோஃபாரட், 16 வோல்ட். போட எடுத்தது அதே 1000, ஆனால் 25 வோல்ட், 105 டிகிரி, உள்தடை குறைந்த ரகம். உயரம் கூடினால் தகர மூடி இடிக்கும் என்று அளந்து பார்த்தார். கையில் உருட்டி எடையும் பார்த்தார். பெரிய உறைக்குள் சின்னக் குப்பியைச் செருகி விற்கும் போலிச் சரக்கு சந்தையில் உண்டு. அது கையில் லேசாக இருக்கும்.

பிறகு நடந்ததெல்லாம் கைவேகம். பழைய ஈயத்தின்மேல் புது ஈயம் தொட்டு இளக்கி, 'சக்கர்' என்னும் உறிஞ்சு குழலால் இழுத்து, துளையைத் துடைத்து, வெள்ளைக் கோடு மைனஸ் பக்கம் வருகிறதா என்று இருமுறை பார்த்துச் செருகினார். மாற்றிப் போட்டால் வெடித்துவிடும். ஈயத்தோடு சேரும் பிளக்ஸின் புகையை ஒரு குட்டி மின்விசிறி ஜன்னலுக்குத் தள்ளியது. முகக்கவசம் கிடையாது.

நேராக மின்சாரம் கொடுக்கவில்லை. நூறு வாட் பல்ப் ஒன்றைத் தொடரில் இணைத்துக் கொடுத்தார். போர்டில் எங்காவது ஷார்ட் இருந்தால் பல்ப் முழுதாக எரியும், போர்டு தப்பும். பல்ப் பளிச்சிட்டு மங்கியது. திரை வெளிச்சம் பிடித்து நிலைத்தது.

கூலி சொன்னதும் இளைஞர் கேட்டார்: "நாலு கெப்பாசிட்டர்தானேண்ணா?" தினமும் கேட்கிற கேள்வி. மேசைக்காரர் பதில் சொல்லாமல் ஐம்பது ரூபாய் குறைத்துக்கொண்டார். புது மானிட்டர் விலை இறங்க இறங்க இந்தக் குறைப்பும் கூடுகிறது. பையனைத் தொழில் கற்றுக்கொள்ள யாரும் அனுப்புவதில்லை என்றார். 2022 டிசம்பரில் மத்திய அரசு பழுது பார்க்கும் உரிமைக்கென இணையதளம் ஒன்றைத் திறந்தது. ஆனால் இந்த மேசைக்கு வரும் போர்டுகளுக்குச் சர்க்யூட் படம் வருவதில்லை. செம்புத் தடத்தைக் கண்ணால் தொடர்ந்துதான் அவர் வழி கண்டுபிடிக்கிறார்.

உங்கள் மானிட்டர் இருண்டால் எடைக்குப் போடும் முன் ஒரு மெக்கானிக்கிடம் காட்டுங்கள். நீங்களாகத் திறக்க வேண்டாம். அந்த 325 வோல்ட் உள்ளேதான் இருக்கிறது. என்ன கெப்பாசிட்டர் போடுகிறார் என்று கேளுங்கள். தொழிற்சாலை போட்டதைவிட நல்லதாகப் போடுபவர் என்றால், அவரிடம் பேரம் பேசாதீர்கள்.