குளோரின் வாடை வந்த வழி

லண்டனுக்குப் புதிதாக வருகிறவர்கள் குழாய்த் தண்ணீரைப் பற்றிச் சொல்லும் முதல் குறை, அதில் அடிக்கும் குளோரின் வாடை. ஜாடியில் பிடித்துச் சற்று நேரம் வைத்திருந்தால் வாடை குறைந்துவிடும்; பலரும் அப்படித்தான் சமாளிக்கிறார்கள். எனக்கு வேறொரு கேள்வி எழுந்தது. எல்லா ஊர்த் தண்ணீரிலும், எல்லா நாளும் இந்த மருந்து கலந்தே ஆகவேண்டும் என்ற கண்டிப்பு எங்கிருந்து வந்தது?

முதலில் கிடைத்த பதில்கள் சுலபமானவை. 1897இல் கெண்ட் மாவட்டத்து மெய்ட்ஸ்டன் நகரில் டைபாய்டு பரவியபோது, பிளீச்சிங் பவுடர் கரைசலை விட்டுக் குழாய்களைக் கழுவினார்கள். நோய் அடங்கியதும் அதை நிறுத்திவிட்டார்கள். 1905இல் லிங்கன் நகரில் அதே காய்ச்சல் நூற்றுக்கும் அதிகமானோரைக் கொன்றது. அங்கே அலெக்சாண்டர் ஹூஸ்டன் என்ற மருத்துவ விஞ்ஞானி சோடியம் ஹைப்போகுளோரைட்டைத் தொடர்ந்து தண்ணீரில் கலக்க ஏற்பாடு செய்தார். பிறகு அவரே லண்டன் பெருநகரக் குடிநீர் வாரியத்துக்கு வந்தார். 1916இல் தேம்ஸ் நீரை நீர்த்தேக்கங்களுக்கு ஏற்றி நாள்கணக்கில் தெளியவைக்க நிலக்கரி போதவில்லை; போர்க்காலம். பம்பு ஓட்டும் கரியை மிச்சப்படுத்த அவர் கையில் எடுத்ததும் குளோரின்தான்.

ஆக, ஒரு ஊரில் கொள்ளைநோய், இன்னொரு ஊரில் கரித் தட்டுப்பாடு. தேவை வந்தபோது கலந்தார்கள், அவ்வளவுதான். ஆழ்கிணற்று நீரை நம்பியிருந்த ஊர்கள் பலவற்றுக்கு அந்தக் கவலையும் இல்லை. சுண்ணாம்புப் பாறையில் வடிகட்டி வரும் ஊற்றுநீரில் மருந்தைக் கலந்து ருசியைக் கெடுப்பானேன் என்ற எண்ணம் பரவலாக இருந்தது.

அந்த எண்ணம் எப்போது உடைந்தது என்று தேடும்போதுதான் சுகாதார அதிகாரிகளின் ஆண்டறிக்கைகள் பக்கம் போனேன். இங்கிலாந்தில் 1872 முதல் 1974 வரை ஒவ்வொரு உள்ளாட்சிக்கும் ஒரு சுகாதார அதிகாரி இருந்தாக வேண்டும். அவர் ஆண்டுதோறும் அறிக்கை எழுதவேண்டும். ஈலிங், ஹார்ன்சி, விம்பிள்டன் என்று புறநகர் ஒவ்வொன்றுக்கும் ஒன்று. பிறப்பு, இறப்பு, தொற்றுநோய், பால் மாதிரிச் சோதனை, குடியிருக்கத் தகாத வீடுகள், எலி ஒழிப்பு எல்லாம் அதில் உண்டு. லண்டன் வட்டார அறிக்கைகள் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவற்றை வெல்கம் நூலகம் இணையத்தில் ஏற்றியிருக்கிறது. படிக்க அலுப்பூட்டும் பட்டியல்கள்தான். ஆனால் அவற்றின் குடிநீர்ப் பகுதியைத் துரத்திக்கொண்டு போனால் ஒரு பெயர் குறுக்கே வந்து நிற்கும்: குராய்டன், 1937.

லண்டனுக்குத் தெற்கே, இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட மக்களோடு வசதியாக இருந்த புறநகர் அது. சுகாதார விஷயத்தில் பின்தங்கிய ஊரும் அல்ல. 1848 பொதுச் சுகாதாரச் சட்டம் வந்தவுடன் தனக்கென்று ஒரு சுகாதார வாரியத்தை அமைத்துக்கொண்ட முன்னோடி ஊர்களில் ஒன்று. அப்படிப்பட்ட ஊரில் 1937 அக்டோபர் கடைசியில், குறிப்பாகத் தெற்குப் பகுதி வீடுகளில், காய்ச்சல் கண்டவர்கள் படுக்கத் தொடங்கினார்கள். வாரக்கணக்கில் இறங்காத காய்ச்சல். டைபாய்டுக்கு மருந்தான குளோராம்பெனிகால் புழக்கத்துக்கு வர இன்னும் பத்தாண்டுகளுக்கு மேல் இருந்தது. படுக்கவைத்துப் பார்த்துக்கொள்வது மட்டுமே வைத்தியம். மொத்தம் 341 பேருக்கு நோய் கண்டது. 43 பேர் இறந்தார்கள்.

பாதிக்கப்பட்ட வீடுகளுக்குப் பொதுவாக இருந்தது ஆடிங்டன் கிணற்றுத் தண்ணீர். அந்தக் கிணற்றுக்குள் அப்போது சீரமைப்பு வேலை நடந்துகொண்டிருந்தது. வேலையாட்களில் ஒருவர் முதல் உலகப்போரில் படைவீரராக இருந்தபோது டைபாய்டு வந்து பிழைத்தவர். பார்க்க நல்ல ஆரோக்கியம். ஆனால் கிருமி அவர் உடலிலேயே தங்கிவிட்டிருந்தது, அவருக்குத் தெரியாமலே. இருபது ஆண்டுகளாக அதைச் சுமந்துகொண்டிருந்தவர் குடிநீர்க் கிணற்றுக்குள் இறங்கி வேலை பார்த்தார்.

அந்தத் தண்ணீரை வடிகட்டவும் குளோரின் கலக்கவும் சாதனம் இருந்தது. வேலை நடந்த நாட்களில் இரண்டும் இல்லாமலே தண்ணீர் ஊருக்குள் போனது.

இன்னும் மோசமான சேதி ஒன்று உண்டு. கிணற்றுக்குள் ஆட்கள் இறங்கி வேலை செய்கிறார்கள் என்பது நகராட்சியின் பொறியாளருக்குத் தெரியும். அதே நகராட்சியின் சுகாதார அதிகாரிக்குத் தெரியாது. நோயாளிகளின் பட்டியல் கையில் இருந்தவருக்குக் கிணற்றைச் சந்தேகிக்கக் காரணம் தெரியவில்லை. கிணற்றைப் பற்றி அறிந்தவர் இந்த ஆபத்தை நினைத்துப் பார்க்கவில்லை. டைபாய்டு கிருமி உள்ளே போய் ஒன்றிரண்டு வாரம் கழித்தே காய்ச்சலாக வெளிப்படும். அதனால் முதல் நோயாளி படுத்தபோதே பலர் அந்தத் தண்ணீரைக் குடித்து முடித்திருந்தார்கள்.

குராய்டன்வாசிகள் சும்மா இருக்கவில்லை. கூட்டம் போட்டார்கள், குழு அமைத்தார்கள், விசாரணை கேட்டார்கள். டிசம்பரில் மர்ஃபி என்ற மூத்த வழக்கறிஞரின் தலைமையில் பொது விசாரணை தொடங்கியது. 1938 பிப்ரவரியில் அறிக்கை வந்தது. மூன்று விஷயங்கள் ஒரே நேரத்தில் கூடியதால் நேர்ந்த விபரீதம் இது என்றது அறிக்கை: கிணற்றில் வேலை நடந்தது, வேலையாட்களில் ஒருவர் கிருமியைச் சுமந்தவர், தண்ணீர் வடிகட்டாமலும் குளோரின் கலக்காமலும் அனுப்பப்பட்டது. மூன்றில் ஒன்று விலகியிருந்தாலும் ஊர் தப்பியிருக்கும். மகளுக்கு நோய் கண்ட ஒரு தகப்பனார் தொடுத்த வழக்கில், நகராட்சியின் அலட்சியமே காரணம் என்று அதே ஆண்டு நீதிமன்றமும் தீர்ப்பளித்தது.

நான் தேடிய கண்டிப்பு இங்கேதான் பிறக்கிறது. குடிநீர் வாரியங்கள் அன்றாடம் கடைப்பிடிக்க வேண்டிய பாதுகாப்பு முறைகளை 1939இல் சுகாதார அமைச்சகம் குறிப்பாணையாகவே அனுப்பியது. கிணற்று நீர் தானாகவே சுத்தம் என்ற பேச்சு அதன்பின் எடுபடவில்லை. போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் குளோரின் எங்கும் வழக்கமாயிற்று. பொதுக் குழாய்த் தண்ணீரால் அந்த அளவுக்கு டைபாய்டு பிரிட்டனில் மறுபடி பரவவில்லை. 1964இல் ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரில் ஐந்நூறு பேருக்கு மேல் அது வந்தபோது, காரணம் அர்ஜென்டினாவிலிருந்து வந்த டின் மாட்டிறைச்சி. சூடான டின்களை அங்கே குளோரின் கலக்காத ஆற்று நீரில் ஆறவைத்திருந்தார்கள்.

குராய்டன் நகராட்சியிடம் நிபுணர் இருந்தார், சாதனம் இருந்தது, சட்டம் இருந்தது. இல்லாமல் போனது ஒரு அலுவலகத்திலிருந்து இன்னொரு அலுவலகத்துக்குப் போயிருக்க வேண்டிய ஒரு சீட்டு. இன்று பிரிட்டனில் குடிநீர்க் கிணற்றிலோ தொட்டியிலோ குழாயிலோ கைவைக்கிற தொழிலாளி யாராக இருந்தாலும், நீலநிறச் சுகாதார அட்டை ஒன்று வாங்கியிருக்க வேண்டும். அதற்கான பயிற்சி வகுப்பில் 1937 குராய்டன் கதையைச் சொல்கிறார்கள். உடல்நலம் பற்றிய கேள்விகளுக்கும் அவர் பதில் எழுதித் தரவேண்டும். டைபாய்டு வந்ததுண்டா என்பது அதில் ஒன்று.