பத்து கிலோவுக்குள் ஒரு மலைச் சைக்கிள்

பேருந்து கோல்டன் கேட் பாலத்தின் மேல் போய்க்கொண்டிருந்தது, பாலத்தைத்தான் காணோம்! ஜூலை மாதம், பகல் பத்து மணி. பசிபிக் கடலிலிருந்து எழுந்த மூடுபனி அந்தச் செந்நிறத் தூண்களை இடுப்புக்கு மேல் விழுங்கிவிட்டிருந்தது. ஸ்வெட்டர் கைக்குள் விரல்களை இழுத்துக்கொண்டேன். இன்னும் கொஞ்சம் வடக்கே போனதும் மரின் மாவட்டம். பனி எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. நீல வானம், சுள்ளென்ற வெயில், சிங்கத்தின் பிடரி நிறத்தில் காய்ந்த புல் போர்த்திய குன்றுகள். கோடையில் மஞ்சளாகி மழைக்காலத்தில் பச்சையாகும் மலைகளாம்.

ஃபேர்ஃபாக்ஸ் ஏழாயிரத்துச் சொச்சம் பேர் வாழும் சின்ன ஊர். தெருவில் பார்த்தவர்களில் பாதிப்பேர் சைக்கிளில் இருந்தார்கள், நரைத்த தலைகள் உட்பட. மலைச் சைக்கிள் பிறந்து வளர்ந்த ஊர்களில் இதற்குத் தனி இடம் உண்டு. 2015-இல் திறந்த சைக்கிள் அருங்காட்சியகம் ஒன்று கடைத்தெருவிலேயே இருக்கிறது. முதலில் அங்கேதான் போனேன்.

கதவைத் திறந்ததும் பழைய ரப்பர் வாசனை. சிகாகோவின் ஷ்வின் கம்பெனி இரண்டாம் உலகப் போருக்கு முன்பு செய்த தடித்த டயர் சைக்கிள்கள் வரிசையாக நின்றன. 1970-களில் இந்த ஊர்ப் பிள்ளைகள் அவற்றைப் பழைய சாமான் விலைக்கு வாங்கி, மட்கார்டையும் அலங்காரங்களையும் கழற்றி எறிந்துவிட்டு மலைச்சரிவில் விட்டிருக்கிறார்கள். கேரி ஃபிஷர் அதில் கியரையும் மோட்டார் சைக்கிள் பிரேக் லீவரையும் மாட்டினார். 1977-இல் ஜோ ப்ரீஸ், மலைக்கென்றே புதிதாகக் குரோம்-மாலிப்டினம் எஃகுக் குழாயில் ஃப்ரேம் செய்யத் தொடங்கினார். 1979-இல் ஃபிஷரும் சார்லி கெல்லியும் டாம் ரிட்ச்சி செய்த ஃப்ரேம்களை விற்கக் கம்பெனி ஆரம்பித்தார்கள். அதன் பெயரே 'மவுண்டன் பைக்ஸ்'! ஷ்வின் ஒன்றைத் தூக்கிப் பார்க்க அனுமதித்தார்கள். முழங்கால் மடங்கியது. இருபது கிலோவுக்கு மேல் இருக்கும். அம்பத்தூரில் செய்த அப்பாவின் கறுப்பு ஹெர்குலஸ் நினைவுக்கு வந்தது. அதைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிப் படியேறியவர் அவர்.

மதியம் நண்பர் வந்து கூட்டிப்போனார். தச்சு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எழுபதைத் தொடுகிறார். அவர் வீட்டு கராஜில் கார் இல்லை. சுவர் நிறையச் சக்கரங்கள், மேஜை நிறைய அட்டைப் பெட்டிகள். கிரீஸ், மரத்தூள், காப்பி மூன்றும் கலந்த ஒரு மணம். 1991-ஆம் வருடத்து ரிட்ச்சி ஃப்ரேம் ஒன்று இடுக்கியில் நின்றது. அதன்மேல் அந்தக் காலத்து உதிரிபாகங்களை மட்டுமே பூட்டி, மொத்த எடையைப் பத்து கிலோவுக்குள் கொண்டுவர வேண்டும். அன்றைக்கு எங்கள் வேலை அதுதான்.

'அந்தக் காலத்து' என்பதை அவர் எவ்வளவு கறாராக வைத்திருக்கிறார் தெரியுமா? ஷிமானோவின் எக்ஸ்.டி.ஆர். பாகங்கள் ஒரு பெட்டியில் பளபளவென்று கிடந்தன. எடுக்கப் போனேன். "அது 92 மாடல்" என்று தடுத்துவிட்டார். அதற்கு முந்தைய டியோர் எக்ஸ்.டி. கிராங்கைத் திருப்பி, அதன் முதுகில் பதிந்திருந்த இரண்டு சிறிய ஆங்கில எழுத்துகளைப் பூதக்கண்ணாடியில் காட்டினார். முதல் எழுத்து வருடம், இரண்டாவது மாதம். 1976-இல் 'ஏ'-யில் தொடங்கி வருடத்துக்கு ஓர் எழுத்தாக நகரும். 'ஓ' என்றால் 1990. 'கே' என்றால் நவம்பர். ஒரு சைக்கிள் சாமானுக்கு இப்படியொரு ஜாதகம்!

எல்லாவற்றுக்கும் இந்தச் சட்டம் இல்லை. தேய்கிற சாமான்களுக்கு விலக்கு உண்டு: செயின், பிரேக் கட்டை, கேபிள், டயர். முப்பது வருடம் கிடந்த ரப்பர் வெடித்துப்போயிருக்கும், அதை நம்பி மலை இறங்கக் கூடாது. அதே பழைய அச்சில், பழுப்பு நிறப் பக்கவாட்டோடு பிற்காலத்தில் மறுபடி வார்த்த டயர்களை வைத்திருந்தார். ஹேண்டில்பாரில்தான் அவர் முகம் மாறியது. அக்காலப் பந்தயக்காரர்கள் போட்ட மெல்லிய அலுமினிய பார், 150 கிராம்கூட வராது. கையில் எடுத்தால் காகிதக் குழல். ஆனால் எஃகைப் போல வளைந்து எச்சரிக்காமல், உள்ளே களைத்துப்போன அலுமினியம் ஒரு நாள் பட்டென்று முறிந்துவிடும். யார் ஓட்டியது, எத்தனை முறை விழுந்தது என்று தெரியாத பழைய பாரை அவர் தொடுவதே இல்லை. டப்பா பிரிக்காமல் கிடைத்த ஒன்றுக்காக வருடக்கணக்கில் காத்திருந்தாராம். அந்தக் காத்திருப்பை நான் மனதாரக் கும்பிட்டேன். பழமையின் மேல் உள்ள ஆசை உயிர்மேல் உள்ள ஆசையை மிஞ்சக் கூடாது அல்லவா?

ஃப்ரேமை நகத்தால் சுண்டச் சொன்னார். குழாயின் முனையில் சுண்டினால் 'டொக்'. நடுவில் சுண்டினால் 'டிங்ங்' என்று ஒரு நீண்ட ரீங்காரம்! பற்றவைக்கிற முனைகளில் மட்டும் குழாயின் சுவர் தடிமன். நடுவே அரை மில்லிமீட்டர் அளவுக்கு மெலிந்துவிடும். வெளியே எந்த வித்தியாசமும் தெரியாது. ரிட்ச்சி தன் 'லாஜிக்' குழாய்களில் அந்தத் தடித்த முனைகளை இன்னும் குட்டையாக்கினார். மலைமேல் தூக்கிப் போக வேண்டிய இரும்பை அது இருந்தே ஆக வேண்டிய இடத்தில் மட்டும் விட்டுவைத்திருக்கிறார் மனிதர். நான் திரும்பத் திரும்பச் சுண்டிக்கொண்டே இருந்தேன்.

பிறகு தராசு. மாவு நிறுக்கிற சமையலறைத் தராசில் ஒவ்வொரு போல்ட்டும் ஏறி இறங்கியது. எஃகின் கனத்தில் பாதிக்குச் சற்று மேல்தான் டைட்டானியம். ஆகவே சீட்டின் அடிக்கம்பிகள் டைட்டானியம், பாட்டம் பிராக்கெட் அச்சும் டைட்டானியம். ஸ்போக்ஸ்கூட நடுவில் இளைத்தவை: முனையில் 2 மில்லிமீட்டர், இடையில் 1.8. முன்பக்கத்தில் ஷாக் அப்சார்பர் கிடையாது. 1990-இல் கொலராடோவின் டுராங்கோவில் நடந்த முதல் உலகச் சாம்பியன் போட்டியிலேயே ஸ்பிரிங் வைத்த ஃபோர்க்குகள் வந்துவிட்டன. ஆனால் அவை கனம். வெறும் எஃகு ஃபோர்க்கே போதும் என்றார். அதிர்ச்சியை யார் தாங்குவது என்று கேட்டேன். என் முழங்கைகளைத் தொட்டுக் காட்டினார்.

ஹப்பைப் பிரித்ததும் எனக்குக் கை துறுதுறுவென்றது. கோன், கப், கிரீஸில் புதைத்த பால்ஸ்! முன்சக்கரத்தில் பக்கத்துக்குப் பத்து, பின்சக்கரத்தில் ஒன்பது. உலகத்தின் அந்த மூலையில் எனக்குத் தெரிந்த மொழி ஒன்று கிடைத்ததுபோல் இருந்தது. பெண்டு எடுக்கும் வேலையை அவரே கேட்டு என்னிடம் கொடுத்தார். கால் திருகு, அரைத் திருகு என்று ரிம் நேராகிக்கொண்டே வர, வெளியே வெயில் சாய்ந்து ரெட்வுட் மரங்களின் நிழல் கராஜுக்குள் நுழைந்தது. கடைசியில் உத்தரத்துக் கொக்கியில் சைக்கிளை மாட்டினோம். 9.94 கிலோ! அவர் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தேன்.

மறுநாள் காலை பைன் மலை ஏறினோம். நான் புதுச் சைக்கிளில். அவரோ, நம்ப மாட்டீர்கள், தன் இளவயதின் ஷ்வின்னை எடுத்துவந்தார். பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பிடிக்கிற பிரேக், கியரே இல்லை. ஏற்றங்களில் இறங்கித் தள்ளினார். நான் தள்ளித் தருகிறேன் என்றால் விடவில்லை. பாதையோரம் பச்சை பாய்ந்த பாறைகள், ரத்தச் சிவப்புப் பட்டையோடு மான்சனீட்டாச் செடிகள், கசக்கினால் மூக்கைத் துளைக்கும் கலிஃபோர்னிய லாரல் இலை. குதிரையில் வந்த ஒரு பெண்மணிக்காக நாங்கள் இறங்கி ஒதுங்கி நின்றோம். இங்கே மலைப்பாதையில் குதிரைக்குத்தான் முதல் மரியாதை. சைக்கிளுக்கு மணிக்கு 24 கிலோமீட்டர்தான் எல்லை. மலைச் சைக்கிள் பிறந்த மலையில் இந்த அடக்கம் எனக்குப் பிடித்திருந்தது.

மேலிருந்து தொடங்குகிறது 'ரீபேக்' இறக்கம். சுமார் 3.4 கிலோமீட்டரில் 400 மீட்டர் கீழே பாய்கிற மண் சாலை. 1976 அக்டோபர் 21 அன்று, பழைய ஷ்வின்களை மலைச்சரிவில் விட்ட அந்தப் பிள்ளைகள் இங்கே முதல் பந்தயத்தை நடத்தினார்கள். கேரி ஃபிஷர் பிறகு வைத்த சாதனை 4 நிமிடம் 22 விநாடி. சராசரியே மணிக்கு 45 கிலோமீட்டரைத் தாண்டுகிறது, இந்தச் சரளையில், அந்த இருபது கிலோ வண்டியில்! நாங்கள் சட்டத்துக்கு உட்பட்டுத்தான் இறங்கினோம். அதற்கே என் பற்கள் கடகடத்தன. ஆனால் அந்த மெல்லிய ஃப்ரேம் உயிருள்ளதுபோல் காலடியில் துள்ளியது. ஒரு கல்லைக் கண்டு உடம்பை லேசாகச் சாய்த்தால், நான் நினைத்து முடிப்பதற்குள் அது விலகியிருந்தது. குறைத்த ஒவ்வொரு கிராமும் அந்தத் திருப்பங்களில் எனக்குத் திரும்பி வந்தது. வாய்விட்டுக் கத்திக்கொண்டே இறங்கினேன்.

அடிவாரத்தில் அவர் வந்து நின்றார். பின்சக்கர ஹப்பிலிருந்து நூலாகப் புகை! எரிந்த கிரீஸ் நாற்றம். இறக்கம் முழுக்க அந்த ஒற்றை பிரேக்கையே அழுத்தி வந்ததில் உள்ளே இருந்த கிரீஸ் கொதித்து ஆவியாகிவிட்டது. அக்காலத்தில் ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் ஹப்பைப் பிரித்துப் புதுக் கிரீஸ் அடைத்ததால்தான் பாதைக்கே 'ரீபேக்', அதாவது மறுபடி அடைப்பது, என்ற பெயர் வந்தது. அவர் சந்தோஷமாக மூக்கை உறிஞ்சி, "இந்த வாசனைக்காகத்தான் இதைக் கொண்டுவந்தேன்" என்றார். பிறகு என் சைக்கிளின் ஸ்டெம்மை உற்றுப் பார்த்து, அதில் இன்னும் நாற்பது கிராம் குறைக்கலாம் என்று ஆரம்பித்தார். ஊருக்குத் திரும்பும் வழியெல்லாம் அதே பேச்சுதான். கராஜை அடைந்ததும் நான் கிரீஸ் டப்பாவைத் திறந்தேன், அவர் ஹப்பைக் கழற்றினார்.