நட்டு கழன்ற கதை

தொலைபேசித் துறையில் 34 ஆண்டுகள் இருந்தவன் நான். அதில் முதல் 11 ஆண்டுகள் எக்சேஞ்சின் பேட்டரி அறை என் பொறுப்பில் இருந்தது. அதனால் யாராவது பேட்டரி என்று பேச்செடுத்தாலே என் முதுகு தானாக நிமிர்ந்துவிடும். இப்போதும் நிமிரும். ஆனால் முன்போல முழுதாக இல்லை. அதற்குக் காரணம் ஒரு சின்ன நட்டு.

பழைய எக்சேஞ்சின் பேட்டரி அறையைப் பார்த்தவர்கள் இன்று குறைவாகத்தான் இருப்பார்கள். ஆளுயரப் பலகைத் தாங்கியில் 2 வோல்ட் செல்கள் 24 வரிசையாக நிற்கும். மொத்தம் 48 வோல்ட். காலையில் போனதும் ஹைட்ராமீட்டரை விட்டு அமிலத்தின் அடர்த்தி பார்த்து, நோட்டில் எழுதி, கையெழுத்துப் போட வேண்டும். என் சட்டைகள் எல்லாவற்றிலும் ஆசிட் பட்ட ஓட்டைகள். கல்யாணமான புதிதில் என் மனைவி எலி கடித்ததாக நினைத்து வீடு முழுக்கப் பொறி வைத்தாள்.

அங்கே எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் ஒன்றுதான். இணைப்பு பளபளவென்று இருக்க வேண்டும், இறுக்கமாக இருக்க வேண்டும், மேலே வாஸ்லைன் பூச வேண்டும். நான் இறுக்கிய ஒரு போல்ட்கூட 11 ஆண்டுகளில் கழன்றதில்லை. அதை என் கைராசி என்று நினைத்துக்கொண்டேன். அந்த அறையில் மின்விசிறியைத் தவிர வேறெதுவும் அசைவதே இல்லை என்பது எனக்குத் தோன்றவில்லை.

என் பள்ளித் தோழன் தெரேஸ்புரத்துக்காரன். கடல்தான் தொழில். அவனுக்கும் அவன் மூத்த மகனுக்கும் சேர்ந்து ஒரு ஃபைபர் வள்ளம், இரண்டு சிலிண்டர் டீசல் என்ஜின். நான் ஓய்வு பெற்ற மறு வருஷம், அவன் ஜிபிஎஸ் கருவியும் விஎச்எஃப் வயர்லெஸ்ஸும் வாங்கினான். கூட நாலு எல்இடி விளக்கு. "சும்மாதான இருக்க, வந்து மாட்டிக் குடுல" என்றான். சும்மா இருப்பவனுக்கு இதைவிட வேறென்ன மரியாதை வேண்டும்? டூல் பையைத் தூக்கிக்கொண்டு போனேன்.

வள்ளத்தில் ஒரே ஒரு 12 வோல்ட் பேட்டரி. திருட்டுப் பயத்தால் அதைத் தினமும் கழற்றி வீட்டுக்குத் தூக்கிப் போவார்கள். இருபது கிலோவுக்கு மேல் கனம். ஒவ்வொரு தடவையும் ஸ்பேனர் தேட வேண்டும், கிடைத்த ஸ்பேனரும் வாரத்துக்கு ஒன்று கடலுக்குள் போய்விடும் என்று மகன் குறைப்பட்டான். நான் கடைக்குப் போய், மேலே போல்ட் நீட்டிக்கொண்டிருக்கும் புதுக் கவ்வி இரண்டும், கையாலேயே திருகக்கூடிய விங் நட்டும் வாங்கி வந்தேன். இரண்டு பக்கமும் காது வைத்தாற்போல இருக்குமே, அதுதான். நாங்கள் காது நட்டு என்போம். புது விளக்கு, ஜிபிஎஸ், விஎச்எஃப் மூன்றின் கம்பி முனைகளையும் என் வழக்கப்படி சால்டர் வைத்து அழகாக முடித்தேன். மெல்லிய கம்பிகளைக் கீழே போட்டு, அவற்றுக்கு மேல் ஸ்டார்ட்டர் மோட்டாரின் தடித்த கேபிளை வைத்து, காது நட்டை விரலால் முறுக்கினேன். மேலே வாஸ்லைன்.

தோழன் குனிந்து பார்த்தான். "ஏல, இது கழண்டுராதா?" என்று கேட்டான். "எக்சேஞ்சே நான் மாட்டுன நட்டுலதாம்ல ஓடுச்சு" என்றேன். அவன் அதற்கு மேல் பேசவில்லை. படித்தவன் சொன்னால் சரியாக இருக்கும் என்று நினைத்திருப்பான்.

மூன்று மாதம் ஒரு குறையும் இல்லை. அப்புறம் ஆனி மாதம், கச்சான் காற்று தொடங்கியிருந்த நேரம். எங்கள் கரையில் கச்சான் என்றால் மேற்கிலிருந்து அடிக்கும் காற்று. நிலத்திலிருந்து கடலுக்குள் தள்ளும். என்ஜின் நின்றுபோன படகு கரைப் பக்கம் ஒதுங்காது, கிழக்கே போய்க்கொண்டே இருக்கும். கிழக்கே போனால் மன்னார் வளைகுடாவில் 1976 ஒப்பந்தத்தில் வரைந்த எல்லைக்கோடு. அதைத் தாண்டினால் என்ன ஆகும் என்று கடற்கரையில் இருக்கும் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

அன்று மகனும் இன்னும் மூன்று பேரும் விடியுமுன் போனார்கள். மாலை நாலு மணிக்குள் வர வேண்டிய வள்ளம் இருட்டியும் வரவில்லை. எட்டு மணிக்குத் தோழன் எனக்குப் போன் பண்ணினான். நான் போனபோது அவன் மணலில் நின்று கொண்டிருந்தான். அவன் மனைவி வலைக் குவியலின் மேல் உட்கார்ந்து ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தாள். மருமகளுக்கு அப்போது ஆறாம் மாசம், அவளை வீட்டிலேயே இருக்கச் சொல்லியிருந்தார்கள். போனில் சிக்னல் இல்லை. வயர்லெஸ் வைத்திருந்த ஒருவர் கூப்பிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார், பதில் இல்லை. இரண்டு வள்ளங்கள் தேடப் போயின. "நீ மாட்டுன வயர்லெஸ் இருக்குல்லா, அதுல பேசுவான்" என்று தோழன் என்னிடம் இரண்டு தடவை சொன்னான். என்னைத் தேற்றினானா, அவனையே தேற்றிக்கொண்டானா தெரியாது. நானும் ஆமாம் ஆமாம் என்றேன்.

ராத்திரி 1.40க்குப் போன் வந்தது. வேறொரு வள்ளம் கட்டி இழுத்து வருகிறது, அனல்மின் நிலையப் புகைபோக்கி விளக்கு தெரிகிறது, எல்லாரும் நல்லபடியாக இருக்கிறோம் என்றான் மகன். தோழன் போனை என்னிடம் நீட்டினான். எடுத்தவுடன் அவன் சொன்னது: "சித்தப்பா, காது நட்டு கழண்டுட்டு."

நடந்தது இதுதான். வலை விட்டுவிட்டு என்ஜினை நிறுத்தியிருக்கிறார்கள். மத்தியானம் வலையை வாங்கிவிட்டு ஸ்டார்ட் பண்ணினால் 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். விளக்கைப் போட்டால் பிரகாசமாக எரிகிறது. அதனால் பேட்டரி நன்றாகத்தான் இருக்கிறது, என்ஜினில்தான் கோளாறு என்று ஒரு மணி நேரம் ஸ்டார்ட்டரைத் தட்டியும் டீசல் வரத்தைப் பார்த்தும் வீணாக்கியிருக்கிறார்கள். நடுவில் நடுவில் சாவியைத் திருப்பிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். பிறகுதான் பேட்டரி மூடியைத் திறந்திருக்கிறான். நெகட்டிவ் பக்கக் காது நட்டைக் காணவில்லை. அது கழன்று வள்ளத்தின் அடித்தண்ணீரில் விழுந்து எங்கேயோ போய்விட்டது. கவ்வி தொட முடியாத சூடு, ஒரு ஓரம் உருகியே இருந்தது. வலை நூலை எடுத்து, லக்குகளைப் போல்ட்டோடு சேர்த்து இறுக்கிக் கட்டியிருக்கிறான். விளக்கு எரிந்தது. வயர்லெஸ்ஸில் மற்றவர்கள் பேசுவது கேட்டது. இவன் பேசுவதற்குப் பித்தானை அழுத்தினால் அது அப்படியே அணைந்துபோனது. கரையில் கூப்பிட்டதைக்கூடக் கேட்டிருக்கிறான். பதில் சொல்லத்தான் முடியவில்லை. கடைசியில் விளக்கைப் போட்டுப் போட்டு அணைத்ததைப் பார்த்துத்தான் ஒரு வள்ளம் வந்திருக்கிறது.

வீட்டுக்கு வந்து படுத்தேன், தூக்கம் வரவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஸ்டார்ட்டர் மோட்டார் இழுப்பது 200 ஆம்பியர் என்று வைத்துக்கொள்ளுங்கள். லூசான இணைப்பில் 0.02 ஓம் தடை இருந்தால், அங்கேயே 4 வோல்ட் போய்விடும். மிச்சம் 8 வோல்ட்டில் மோட்டார் எப்படிச் சுற்றும்? அந்த 4 வோல்ட்டும் 200 ஆம்பியரும் பெருக்கினால் 800 வாட். ஒரு இஸ்திரிப் பெட்டியின் சூடு, ஒரு நட்டுக்கு அடியில்! ஈயம் உருகாமல் என்ன செய்யும்? ஆனால் ஒரு ஆம்பியர் இழுக்கும் விளக்குக்கு அதே தடையில் போவது 0.02 வோல்ட்தான், கண்ணுக்கே தெரியாது. சாவியைத் திருப்பத் திருப்ப அந்த இடம் கருகித் தடை ஏறிக்கொண்டே போயிருக்கும். அதனால்தான் கொஞ்சம் கரண்டில் கேட்கும் வேலை நடந்தது, நாலைந்து ஆம்பியர் வேண்டிய பேசும் வேலை நடக்கவில்லை. இத்தனையும் எனக்குத் தெரிந்த கணக்கு. தெரிந்திருந்துதான் அந்த நட்டைப் போட்டேன்.

மறுநாள் சாயங்காலம் நான் போய் நின்றேன். தோழன் ஒன்றும் சொல்லவில்லை. அது திட்டுவதைவிட மோசமாக இருந்தது. "ஸ்பேனர் வச்சு முறுக்குற நட்டு போடணும்ல" என்று மட்டும் சொல்லிவிட்டு வலை பார்க்கப் போய்விட்டான். நான்தான் மகனோடு உட்கார்ந்தேன்.

முதலில் நெகட்டிவைக் கழற்றினோம். இந்த வரிசை முக்கியம். நெகட்டிவ் என்ஜினோடு இணைந்திருக்கும். பாசிட்டிவை முதலில் கழற்றும்போது ஸ்பேனர் என்ஜினில் பட்டால் நேரான ஷார்ட். மாட்டும்போது நெகட்டிவ் கடைசி. முனைகளில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்ததைச் சமையல் சோடா கரைத்த தண்ணீரால் கழுவினோம், செல்லுக்குள் ஒரு சொட்டும் போகாமல். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தோம். நான் வாஸ்லைனை இணைப்பதற்கு முன்பே தாராளமாகத் தடவுகிறவன். லூசான இடத்தில் அதுவும் நடுவே போய் உட்கார்ந்துகொள்ளும். இப்போது உலோகத்தோடு உலோகம் இறுகிய பிறகு மேலே மட்டும் பூசுகிறேன்.

என் அழகான சால்டரில் ஒன்று, லேசாக இழுத்ததும் கையோடு வந்தது. சால்டர் முடியும் இடத்தில் கம்பி விறைத்துப்போய், அதிர அதிர அங்கேயே இழை இழையாக அறுந்திருக்கிறது. எக்சேஞ்சில் ஆயிரக்கணக்கில் சால்டர் வைத்த கை இது. மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. எல்லாவற்றையும் வெட்டிவிட்டு, லக்கைச் சரியான கிரிம்பிங் கருவியால் அழுத்தி, மேலே சூடு காட்டினால் சுருங்கும் குழாயைப் போட்டோம். வெள்ளீயம் பூசிய செம்புக் கம்பி உப்புக்காற்றுக்கு நல்லது. கொஞ்சம் அலைந்துதான் வாங்கினேன்.

அடுத்தது அடுக்கு. தடித்த ஸ்டார்ட்டர் கேபிள் முதலில், கவ்வியின் முகத்தோடு நேராக ஒட்டி. அதற்கும் கவ்விக்கும் நடுவில் வாஷர் கூடாது. வாஷர், நட்டுக்கு அடியில்தான். சின்னக் கம்பிகளை அங்கே திணிப்பதையே விட்டோம். தனியாக ஒரு பஸ்பார் வைத்து, ஃப்யூஸ் வழியாக அங்கிருந்து பிரித்துக் கொடுத்தோம். காது நட்டுக்குப் பதில் உள்ளே நைலான் வளையம் இருக்கும் நைலாக் நட்டு, ஸ்பேனர் வைத்து. அமெரிக்காவில் சிறு படகுகளுக்கு வகுத்த மின்விதிகளில், தடித்த கேபிளை விங் நட்டால் மாட்டக் கூடாது என்றே இருப்பதைப் பிற்பாடு படித்தேன். எனக்கு முன்னால் யாரோ ஒருவனுக்கும் கழன்றிருக்கிறது.

பேட்டரியே ஆடினால் எந்த நட்டும் நிற்காது. அதனால் மரச்சட்டம் அடித்து, பெல்ட் போட்டுக் கட்டினோம். பாசிட்டிவுக்கு ரப்பர் மூடி. ஸ்பேனரை நைலான் கயிற்றில் கட்டிச் சட்டத்திலேயே தொங்கவிட்டோம், இனி கடலுக்குள் போகாது. பேட்டரியைத் தினமும் வீட்டுக்குத் தூக்குவது நின்றது. பெட்டிக்குப் பூட்டு போட்டார்கள். பெட்டியில் காற்றுத் துளை மட்டும் விடச் சொன்னேன். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும்.

கடைசியாக மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் ஈய முனையிலும் மற்றதைக் கேபிளின் லக்கிலும் வைத்துக்கொண்டு, மகனை ஸ்டார்ட் பண்ணச் சொன்னேன். இணைப்பு நன்றாக இருந்தால் அங்கே வோல்ட் காட்டவே கூடாது. 0.05 காட்டியது. மூன்று மாதத்துக்கு முன்பே இந்த ஒரு நிமிட வேலையைச் செய்து பார்த்திருக்கலாம்.

நட்டு நகர்ந்தால் தெரிவதற்கு ஒரு வழி செய்தது மகன்தான். மனைவியின் சிவப்பு நகப்பூச்சை எடுத்து வந்து, நட்டிலிருந்து கவ்விக்கும், கவ்வியிலிருந்து பேட்டரி முனைக்கும் குறுக்காக ஒரு கோடு இழுத்தான். கோடு விலகினால் எதுவோ நகர்ந்திருக்கிறது என்று அர்த்தம். நான் இதை எந்த டிரெயினிங்கிலும் படிக்கவில்லை.

மாதம் ஒருமுறை இப்போதும் போய்ப் பார்க்கிறேன். தோழன் டீ வாங்கிக் கொடுப்பான். பேத்திக்கு ஸ்கூல் போகும் வயதாகிவிட்டது, சமயத்தில் அவளும் வந்து எட்டிப் பார்ப்பாள். போன வாரம் பார்த்தபோது நட்டுகள் இரண்டும் சரியாக இருந்தன. நெகட்டிவ் கவ்விக்கும் முனைக்கும் நடுவே போட்ட கோடுதான் ஒரு நூலளவு விலகியிருந்தது. ஈயம் மெதுவான உலோகம், இறுக்கினால் இறுக்கினபடி இருக்காது, நாளாக ஆகக் கொஞ்சம் கொடுத்துவிடும். கால் சுற்று முறுக்கினேன். பழைய கோட்டைச் சுரண்டிவிட்டுப் புதுக் கோடு போட்டோம்.